ஐந்தாம் நாள் விலை

(ஓசூரில் ரோஜா விவசாயிகளும் பூ மண்டி வியாபாரிகளும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு கண்ணாடி ஜாடி, ஒவ்வொன்றிலும் ஐந்து தாஜ்மஹால் ரக ரோஜா. பத்துப் பூவும் ஒரே பசுமைக்குடிலில், ஒரே பாத்தியில், இன்று காலை ஆறரை மணிக்கு ஒரே ஆள் வெட்டியவை. அதில் ஐந்தை வெட்டிய கையோடு கழுவிய வாளித் தண்ணீரில் வைத்துக் குளிர் அறைக்குக் கொண்டுபோனார்கள். மற்ற ஐந்தைக் கட்டிப் பாத்தி ஓரத்திலேயே போட்டார்கள். பத்து மணிக்கு எடுத்து, மூன்று நாளாகத் தண்ணீர் மாற்றாத ஒரு வாளியில் நட்டுவைத்தார்கள். தண்ணீர் குடித்ததும் வாட்டம் தெளிந்துவிட்டது. மாலையில் இரண்டும் ஒரே வண்டியில் இங்கே வந்தன.

எந்த ஜாடியில் எந்தப் பூ என்று எனக்கும் தெரியாது. என் அண்ணன் மகன் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறான். கூட்டம் தொடங்குமுன் முன்வரிசையில் இருக்கும் மூன்று வியாபாரிகளிடம் ஜாடிகளைக் காட்டி விலை கேட்டேன். மூவருமே இருபது வருஷத்துக்கு மேல் பூவைக் கையில் பிடித்தவர்கள். மூவரும் இரண்டு ஜாடிக்கும் ஒரே விலைதான் சொன்னார்கள். அதில் ஒருவர், "என்னண்ணே வேடிக்கை பண்றீங்க, ரெண்டும் ஒரே சரக்குதானே" என்று கோபித்துக்கொண்டார்.

நான் இன்று பேச வந்ததே அந்தக் கோபத்தைப் பற்றித்தான்.

நான் விஞ்ஞானி இல்லை. தளி ரோட்டில் ஒரு பண்ணையில் கட்டு கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன், கிரேடிங் பார்த்தேன், பிறகு சொந்தமாகச் சரக்கெடுத்து அனுப்பத் தொடங்கினேன். இவ்வளவு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மல்லிகை பொய் சொல்லாது, ரோஜா சொல்லும். மல்லிகையை மதியம் வரை வெயிலில் போட்டுவைத்தால் மதியமே முகம் காட்டிவிடும், விலையும் அப்போதே விழும். ரோஜாவுக்கு நாம் இழைத்த குற்றம் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோதான் தெரியும். அதற்குள் அது வெட்டியவன் கையைவிட்டு, மண்டிக்காரன் கையைவிட்டு, பூக்கடைக்காரன் கையையும் விட்டு, யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறைக்குப் போயிருக்கும். அந்த வீட்டு அம்மாள் ஓசூருக்கா போன் போடப்போகிறார்? "ரோஜா நிக்கிறதே இல்ல, அடுத்த தடவை வேற ஏதாவது வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குப்பையில் போடுவார். தப்பு ஓரிடத்தில், தண்டனை ஓரிடத்தில். அதனால்தான் நம் தொழிலில் யாரும் திருந்துவதற்கு வழியே இல்லாமல் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டுப் பூ வியாபாரம் அன்றன்றைக்குப் பூத்து அன்றன்றைக்கு முடிகிற வியாபாரம். நிலக்கோட்டையானாலும் தோவாளையானாலும் விடியுமுன் மூட்டை இறங்கும், கிலோ கணக்கில் நிறுப்பார்கள், அன்று இரவுக்குள் தலையிலோ சாமி கழுத்திலோ ஏறிவிடும். மாலைக்குப் போகும் பன்னீர் ரோஜாவுக்கும் இதே கதைதான். தலைமுறை தலைமுறையாக நம் கைக்குப் பழகியது இந்த வேகம்தான். ஆனால் கொய்மலர் என்று சொல்கிறோமே, நீளத் தண்டோடு வெட்டி இருபது இருபதாகக் கட்டும் ரோஜா, அதன் கணக்கு வேறு. அது விற்ற பிறகும் ஒரு வாரம் உயிரோடிருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்குகிறவர் வாங்குவது அந்த ஒரு வாரத்தைத்தான். நாமோ மல்லிகைப் பழக்கத்தை வைத்துக்கொண்டு ரோஜா வியாபாரம் செய்கிறோம்.

வெட்டியதும் ரோஜா செத்துவிடுவதில்லை. வேரை விட்டு, செடியை விட்டு, தனியே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த மூச்சுக்கு எரிக்கிற சர்க்கரை தண்டிலும் இலையிலும் இதழிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான். மேற்கொண்டு வரவு கிடையாது. பென்ஷன் இல்லாமல் ரிட்டையர் ஆன மனுஷன் கையிருப்பில் காலம் தள்ளுவதைப்போல. எவ்வளவு வேகமாகச் செலவழிக்கிறது என்பதை வெப்பம் தீர்மானிக்கிறது. 10 டிகிரி ஏறினால் மூச்சு வேகம் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆகும்.

இதை ஒரு சிலேட்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். குளிர் அறை 2 டிகிரி. பதினொரு மணிக்குப் பாலிதீன் கூரைக்குக் கீழே 32 டிகிரி என்பது நமக்குப் புதிதில்லை. வித்தியாசம் 30 டிகிரி, அதாவது மூன்று பத்து. இரண்டை மூன்று முறை பெருக்கினால் 8. மூன்றை மூன்று முறை பெருக்கினால் 27. பாத்தி ஓரத்தில் ஒரு மணி நேரம் கிடந்த பூ, குளிர் அறையில் 8 மணி நேரத்திலிருந்து 27 மணி நேரம் வரை செலவழிக்க வேண்டிய கையிருப்பைச் செலவழித்துவிட்டது. "டீ குடிச்சிட்டு வந்து எடுத்துக்கலாம்" என்று கட்டுகளைப் போட்டுவிட்டுப் போகிற அந்த அரைமணி நேரம், குளிர் அறைக் கணக்கில் 4 மணி நேரத்திலிருந்து பதின்மூன்றரை மணி நேரம் வரை. பிறகு எவ்வளவு குளிரில் வைத்தாலும் போனது திரும்பாது. குளிர் அறை செலவைக் குறைக்கும் இடம். கடனை அடைக்கும் இடம் இல்லை.

வேகத்தைவிடக் குளிர் முக்கியம் என்பதற்குக் கென்யாவைப் பாருங்கள். நைவாஷா ஏரிக்கரைப் பண்ணைகளிலிருந்து விமானத்தில் மட்டுமே ஐரோப்பாவுக்குப் போன ரோஜா, இப்போது மொம்பாசா துறைமுகத்திலிருந்து கப்பலிலும் போகிறது. ஏறத்தாழ ஒரு மாதப் பயணம். ஒரு மாதம்! நம் ஆட்கள் கேட்டால் சிரிப்பார்கள். கன்டெய்னருக்குள் அரை டிகிரி அளவில் குளிரைச் சிறிதும் பிசகாமல் பிடித்துவைப்பதால்தான் அது முடிகிறது. நாம் 300 கிலோமீட்டர் தூரத்துக் கோயம்பேட்டுக்கு ஒரே ராத்திரியில் அனுப்பிவிட்டு, "ஃப்ரெஷ் சரக்கு" என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம்.

வெட்டும் பக்குவத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. புல்லி இதழ் கீழே மடங்கி, வெளி இதழ் ஒன்றிரண்டு நெகிழத் தொடங்கும் நேரம். மஞ்சள் ரகத்தைக் கொஞ்சம் முன்பே வெட்டலாம், வெள்ளையைக் கொஞ்சம் விட்டு வெட்ட வேண்டும். தூரத்து மார்க்கெட்டுக்கு இறுக்கம், உள்ளூர் அலங்காரத்துக்குக் கொஞ்சம் விரிவு. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே செய்யும் தப்பு ஒன்று உண்டு. காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் விலை ஏறும்போது, பக்குவத்துக்கு வராத மொட்டையும் சேர்த்து வெட்டுகிறோம். அந்த மொட்டின் கழுத்து இன்னும் முற்றவில்லை. தண்ணீர் ஏறுவது கொஞ்சம் குறைந்தாலும் தலையைத் தாங்க அந்தக் கழுத்துக்குப் பலம் இல்லை. ஜாடியில் இரண்டாம் நாளே தலை தொங்கும், கடைசிவரை திறக்காது. மொட்டு வலை மாட்டியிருப்பதால் வாங்குகிறவர் கண்ணுக்கு எல்லாமே பெரிய மொட்டாகத்தான் தெரியும். வலைக்குள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது!

இனி தண்ணீர். இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஜாத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் இருக்கும். செடியில் இருக்கும்போது அந்தக் குழாய்களில் தண்ணீர் இழுபட்டு நிற்கிறது, இழுத்த ரப்பர் நாடாவைப்போல. கத்தரி வைத்த நொடியில் அந்த இழுப்பு விட்டுப்போய், வெட்டுவாயின் வழியே காற்று உள்ளே ஏறிவிடும். காற்றுக்குமிழி அடைத்த குழாயில் தண்ணீர் எளிதில் ஏறாது. வெட்டிய பூவைக் கால்மணி நேரத்துக்குள் தண்ணீரில் வை என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். தண்டின் அடியை இரண்டு சென்டிமீட்டர் தண்ணீருக்குள்ளேயே மறுபடி வெட்டச் சொல்வதும் இதற்காகத்தான். காற்று ஏறிய துண்டு கழிந்துபோகும், புது வாயில் தண்ணீர் நேராக ஏறும்.

காற்று ஒரு எதிரி. பெரிய எதிரி வாளிக்குள் இருக்கிறது. நான் எந்தப் பேக்கிங் ஷெட்டுக்குப் போனாலும் முதலில் செய்வது, காலியாக இருக்கும் வாளிக்குள் விரலை விட்டு உள்சுவரைத் தடவிப் பார்ப்பது. பல இடங்களில் விரல் வழுக்கும். வெண்டைக்காய் நறுக்கிய பலகையைத் தொட்டதுபோல் இருக்கும். அந்த வழவழப்பு முழுக்கப் பாக்டீரியாவும் அது சுரந்த பசையும். அந்த வாளியில் எவ்வளவு சுத்தமான தண்ணீர் ஊற்றினாலும் ஒரு மணி நேரத்தில் கிருமித் தண்ணீராகிவிடும். பூ தண்ணீரை உறிஞ்சும்போது அந்தப் பசையையும் சேர்த்து உறிஞ்சி, வெட்டுவாயை அடைத்துக்கொள்ளும். பிறகு ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் சாகும். கழுத்து ஒடிந்து தொங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் செத்தவைதான்.

ஒருமுறை ஒரு பண்ணையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, அங்கே வாளி கழுவும் அம்மாவிடம் கேட்டேன். "தினமும் கழுவுறீங்களாம்மா?" அவர் சொன்னார்: "தினமும் தண்ணி ஊத்திக் கொட்டுறேன் சாமி. தேய்க்கச் சொல்லி யாரும் பிரஷ் வாங்கித் தரலையே." லட்சக்கணக்கில் செலவழித்துக் குளிர் அறை கட்டிய முதலாளி, ஒரு பிரஷ் வாங்கவில்லை. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

தேய்த்துக் கழுவுங்கள், பிளீச்சிங் கரைசலில் அலசுங்கள், கவிழ்த்துக் காயவையுங்கள். வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தால் போதும், கழுத்துவரை நிரப்பினால் இலை முங்கி அழுகும். அடியில் மூன்றில் ஒரு பங்குத் தண்டுக்கு இலையையும் முள்ளையும் எடுத்துவிடுங்கள். ஆனால் முள்ளை எடுக்கும் அவசரத்தில் தோலை உரித்துவிடாதீர்கள். உரிந்த இடமெல்லாம் கிருமிக்கு வாசல்.

தண்ணீர் கொஞ்சம் புளிப்பாக இருந்தால் தண்டில் நன்றாக ஏறும், கிருமியும் குறையும். சிட்ரிக் அமிலம் சேர்த்து அமில அளவை (பிஎச்) 3.5-லிருந்து 4-க்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். அலுமினியம் சல்பேட்டும் இந்த வேலையைச் செய்யும். நம் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் காரமும். அதில் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவைப் போட்டால் பிஎச் இறங்கவே இறங்காது. சோதனைத்தாள் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வைப்பதுபோல கடினத்தன்மை நீக்கும் சாஃப்ட்னர் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் மாட்டினார். அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிற எந்திரம், ரோஜாவுக்குச் சோடியம் ஆகாது. முன்பைவிட மோசமானது. இன்னொன்று, கிருஷ்ணகிரி, தர்மபுரி என்றாலே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மனுஷன் பல்லைக் கெடுக்கும் ஃப்ளோரைடு பூவையும் விடாது. ஜெர்பெராவும் கிளாடியோலஸும் சீக்கிரம் கருகும், ரோஜா ஓரளவு தாங்கும். ஓரளவுதான். பசுமைக்குடில் கூரையில் விழும் மழைத் தண்ணீரைப் பண்ணைக்குட்டையில் பிடிக்கிறீர்களே, அதில் கொஞ்சத்தை வடிகட்டி வாளிக்கென்று ஒதுக்கிவையுங்கள். செடிக்குப் பாய்ச்சுகிற அளவோடு ஒப்பிட்டால் வாளிக்குத் தேவைப்படுவது ஒன்றுமே இல்லை.

(கூட்டத்திலிருந்து ஒருவர், சர்க்கரை போடலாமா, ஆஸ்பிரின் போடலாமா என்று கேட்டார்.)

போடலாம். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடு. வாளிக் கிருமிக்கும் அதுவே சாப்பாடு. கிருமியைக் கொல்ல ஒன்றும் சேர்க்காமல் வெறும் சர்க்கரை போட்டால், யாருக்குப் பந்தி வைக்கிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் தண்ணீரைக் கொஞ்சம் புளிக்கவைக்கும், அவ்வளவுதான். பூவுக்குத் தலைவலி இல்லை.

இப்போது நான் பட்ட அடியைச் சொல்கிறேன். தை மாத முகூர்த்த சீசன். சென்னைக்கு ஒரு பெரிய ஆர்டர். பூ நல்ல பூ, 60 சென்டிமீட்டர் தண்டு. ஆள் பற்றாக்குறை, மதியம்தான் வெட்டி முடிந்தது. உடனே தரம் பிரித்து, தலைக்கு அட்டை சுற்றி, பெட்டியில் அடைத்து, பெட்டிகளைச் சுவரோடு சுவராகக் குளிர் அறையில் அடுக்கிவிட்டேன். விடிகாலையில் கதவைத் திறந்தால் மீட்டர் 3 டிகிரி காட்டியது. மனசுக்குள் பெருமை. குளிரூட்டிய ரீஃபர் வண்டி வந்தது, ஏற்றி அனுப்பினேன். மறுநாள் விடியுமுன் கோயம்பேட்டிலிருந்து போன். எடுத்ததும் மறுமுனையில் ஒரே கேள்விதான்: "தம்பி, பெட்டிக்குள்ள அடுப்பு வச்சா அனுப்புன?"

அவர் சொன்னதில் மிகை இல்லை. நடுப்பெட்டிக்குள் கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்ததாம். அறை 3 டிகிரி, பெட்டிக்குள் பூ 3 டிகிரி இல்லை. அட்டைப்பெட்டி என்பது பூவுக்குப் போர்த்திய கம்பளி. உள்ளே நெருக்கியடித்து இருக்கும் பூக்கள் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சூட்டைத் தாங்களே உண்டாக்குகின்றன. சூடான பூவைப் பெட்டியில் அடைத்துக் குளிர் அறையில் வைத்தால் நடுவில் இருக்கும் பூ குளிர்வதற்கு ஒரு நாள் ஆனாலும் போதாது. ரீஃபர் வண்டி குளிர்ந்ததைக் குளிராக வைத்திருக்கும், சூடாக ஏற்றியதைக் குளிரவைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. அந்த லோடில் பாதிக்கு மேல் எனக்குக் காசு வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு மாற்றினேன். வெட்டியதும் வாளியோடு குளிர் அறை, குறைந்தது நாலு மணி நேரம். தண்ணீரும் குடிக்கும், வயல் சூடும் இறங்கும். அதற்குப் பிறகுதான் தரம் பிரிப்பு. பெட்டியில் அடைத்ததும் மறுபடி ஒரு குளிர்: இருபுறமும் ஓட்டை போட்ட பெட்டிகளை வரிசையாக அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, ஒரு முனையில் மின்விசிறி வைத்துக் குளிர்காற்றைப் பெட்டிகளின் ஊடாக இழுக்க வேண்டும். ஒரு நாளில் ஆகாதது ஒரு மணி நேரத்தில் ஆகும். நான் தொடங்கியது சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனில்தான். ஊசி வெப்பமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைப் பெட்டி ஓட்டை வழியாக ஒரு மொட்டுக்குள் குத்திப் பாருங்கள். சுவரில் மாட்டிய மீட்டர் அறையின் ஜாதகத்தைச் சொல்லும், பூவின் ஜாதகத்தை மொட்டுக்குள் போன ஊசிதான் சொல்லும்.

அடுத்தது நம் கைப்பழக்கம். பூ என்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். மல்லிகை மூட்டைமேல் ஈரத்துணி போடுகிறோம், கதம்பத்தின்மேல் தெளிக்கிறோம், அங்கே அது சரி. அதே கை ரோஜாக் கட்டின் தலைமீதும் தெளிக்கிறது. ரோஜா தலையால் குடிப்பதில்லை, காலால் குடிக்கிறது. தலையில் நிற்கும் ஈரம் சாம்பல் பூஞ்சைக்கு நாற்றங்கால். அந்தப் பூஞ்சையின் வித்து எல்லாப் பசுமைக்குடிலிலும் உண்டு. நம் இதழ்மேலும் இப்போதே இருக்கும். ஈரம் சில மணி நேரம் நின்றால் முளைத்துவிடும். முதலில் வெளி இதழில் குண்டூசித்தலை அளவுக்கு ஒரு புள்ளி. மறுநாள் அது பழுப்புத் திட்டு. அதற்கடுத்த நாள் மொட்டின் அடி நைந்து, தொட்டால் தலை கையோடு வந்துவிடும்.

தெளிக்காமலே ஈரம் வரும் வழியும் ஒன்று உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வேர்ப்பதைப்போல, குளிர்ந்த பூவைச் சென்னைப் புழுக்கத்தில் சட்டென்று திறந்தால் இதழெல்லாம் வேர்க்கும். வாடிக்கையாளருக்குக் காட்ட வெளியே எடுத்து, விற்காவிட்டால் உள்ளே வைத்து, மறுபடி எடுத்து என்று ஒரே கட்டை நாளுக்கு மூன்று முறை வேர்க்கவைக்கும் மண்டிகள் இருக்கின்றன. பூவுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது. காட்டுவதற்கென்று ஒரு கட்டை வெளியே வையுங்கள், மற்றது உள்ளேயே இருக்கட்டும்.

குளிர் அறையில் இடம் காலியாக இருக்கிறதே என்று மாம்பழம், வாழைத்தார் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு பூவையும் கிழமாக்கும். எல்லா ரோஜா ரகமும் ஒரே அளவு பாதிக்கப்படாது என்பது உண்மை. உங்கள் ரகம் எது என்று சோதித்துப் பார்க்க உங்கள் சரக்கையே பலிகொடுக்க வேண்டாம். வண்டிப்புகையிலும் அதே வாயு இருக்கிறது. என்ஜினை ஓடவிட்டபடி லோடு ஏற்றாதீர்கள்.

ஏற்றுமதி செய்கிறவர்களின் பாட்டைப் பற்றி விரிவாகப் பேச நேரமில்லை. ஓசூரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் போக பெங்களூரு முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நிற்கும் நேரத்தையும் சேர்த்துத்தான் குளிர்க்கணக்குப் போட வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. நம் ரோஜாத் தண்டை யாரும் அங்கே நட்டு முளைக்கவைத்துவிடக் கூடாது என்பதற்காக, தண்டைக் களைக்கொல்லியான கிளைபோசேட்டில் 20 நிமிடம் முக்கி எடுத்த பிறகுதான் ஏற்றுக்கொள்வார்கள். வீட்டில் வைக்கப்போகும் பூவுக்கு முன்கூட்டியே விஷம் கொடுத்து அனுப்பும் விசித்திரம் உலகத்தில் இந்த வியாபாரத்தில்தான் உண்டு.

பிப்ரவரி 14, காதலர் தினத்துக்கு வருகிறேன். டிசம்பரில் கவாத்து செய்தால் ஒன்றரை மாதத்தில் பூ வரும், ஜனவரிக் கடைசி வாரத்திலிருந்து சரக்கு போகும். இதுவரை சரி. விலை ஏறட்டும் என்று ஜனவரி நடுவில் வெட்டியதையும் சேர்த்துத் தேக்கிவைப்பதுதான் தப்பு. கென்யாக்காரன் ஒரு மாதம் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். அவனுடைய கன்டெய்னர் கதவு வழியில் ஒருமுறைகூடத் திறப்பதில்லை. நம் குளிர் அறைக் கதவு நாளுக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கிழடு தட்டிய சிவப்பு ரோஜாவை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. இதழ் ஓரத்தில் சிவப்பு மங்கி, ஊதாவும் நீலமும் கலந்த ஒரு சாயல் ஏறும். சர்க்கரை தீர்ந்த இதழ் தன் புரதத்தையே கரைத்துத் தின்னும்போது உள்ளே காரம் ஏறுகிறது, அந்தக் காரத்தில் சிவப்புச் சாயம் நிறம் மாறுகிறது. காதலர் தினத்தன்று அந்த நீலத்தை விற்பவர்கள், அடுத்த வருஷத்து வாடிக்கையாளரையும் சேர்த்து விற்கிறார்கள்.

சரி, இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள்? விவசாயி கேட்கிற நியாயமான கேள்வி இது. வாளியைத் தேய்த்தவனுக்கும் தேய்க்காதவனுக்கும் மண்டியில் ஒரே விலை என்றால் எவன் தேய்ப்பான்?

இதற்குப் பதில் நெதர்லாந்தில் இருக்கிறது. அங்கே ஆல்ஸ்மீர் ஏலத்தில் ஒரு கடிகாரத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும், முதலில் பொத்தானை அமுக்கியவருக்குச் சரக்கு. பெங்களூரு ஹெப்பாளில் இருக்கும் பன்னாட்டு மலர் ஏல மையமும் அந்த முறையில்தான் நடக்கிறது. நாம் ஆல்ஸ்மீரிலிருந்து கடிகாரத்தை மட்டும் கொண்டுவந்தோம். அவர்கள் சரக்கின் தரத்தை ஆய்வாளரை வைத்துப் பார்ப்பார்கள், வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் பொத்தானில் கை வைப்பார். அதோடு ஜாடிச் சோதனை அறை என்று ஒன்று. 20 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம், 12 மணி நேர விளக்கு. சரக்கின் மாதிரியை ஜாடியில் வைத்து எத்தனை நாள் நிற்கிறது என்று எண்ணுவார்கள். ஐந்தாம் நாள் என்ன ஆகிறது என்று பார்க்க அங்கே ஒரு கண் இருக்கிறது. அதனால் அங்கே வாளி தேய்ப்பவனுக்கு ஒரு பலன் உண்டு.

நம் மண்டிகளில் அப்படி ஓர் அறை கட்டச் சொல்லவில்லை. ஒரு மேசை போடுங்கள். வருகிற ஒவ்வொரு பண்ணைச் சரக்கிலும் ஐந்து பூவை எடுத்து, ஒரே மாதிரி ஜாடியில், ஒரே தண்ணீரில் வைத்து, பண்ணைப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். இதைச் சொன்னபோது எனக்குப் பழக்கமான ஒரு கமிஷன்காரர், "அண்ணே, விடியக்காலை மூணு மணி வியாபாரத்துல ஜாடி வச்சு ஆராய்ச்சி பண்ணச் சொல்றீங்களா?" என்றார். மூன்று மணிக்கு வேண்டாம். பதினோரு மணிக்கு, சரக்கெல்லாம் போய், கல்லாவை எண்ணி முடித்து டீ குடிக்கும்போது ஒரு பார்வை பாருங்கள், போதும். ஒரு மாதத்தில் எந்தப் பண்ணைப் பூ ஏழு நாள் நிற்கிறது, எது மூன்றாம் நாள் தலை சாய்கிறது என்று உங்கள் கடைப் பையனுக்கே மனப்பாடம் ஆகிவிடும். அடுத்த மாதம் அந்த ஏழுநாள்காரனுக்குக் கட்டுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுங்கள். அதற்கடுத்த மாதம் மூன்றுநாள்காரன் தானாகவே பிரஷ் வாங்குவான். அரசாங்கத் திட்டமும் மானியமும் செய்ய முடியாததை இந்த இரண்டு ரூபாய் செய்யும் என்பது என் நம்பிக்கை.

விவசாயிகளுக்கும் இதையே சொல்கிறேன். மண்டிக்காரர் செய்யாவிட்டால் நீங்கள் செய்யுங்கள். அனுப்பும் ஒவ்வொரு லோடிலும் ஐந்து பூவை வீட்டுத் திண்ணையில் வையுங்கள். "பூ நிக்கல" என்று போன் வரும்போது திண்ணையைப் பார்த்துப் பதில் சொல்லலாம். தப்பு உங்களுடையதா வண்டியுடையதா என்று அப்போது தெரியும்.

இந்த இரண்டு ஜாடியும் இங்கிருந்து எங்கும் போகாது. கூடத்துக் காவலரிடம் சொல்லியிருக்கிறேன், ஐந்து நாளும் இதே மேசையில் இருக்கும். விலை சொன்ன மூன்று பேரும் தயவுசெய்து ஐந்தாம் நாள் மாலை ஒருமுறை வந்து மறுபடி விலை சொல்லுங்கள். உறையை அப்போது பிரிப்போம். அதுவரை போகிற வருகிறவர்கள் யாரும் இரக்கப்பட்டு எந்த ஜாடிக்கும் தண்ணீர் மாற்றிவிடாதீர்கள்.